பபபணண யாருக்குச் சொந்தம்?

டைப்பிங் கடை வைத்திருப்பவளுக்கு ஊரில் எல்லாருடைய கதையும் தெரியும், ஆனால் ஒன்றைக்கூட வெளியே சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் விரல் வலியைவிடப் பெரிய வலி அதுதான். தையல் கடை, ஜெராக்ஸ் கடை என்று அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கி வேலை செய்துகொடுக்கும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்துக்குள் இருக்கிறது கடை. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், மிஷினுக்குப் பின்னால் ஒன்றேகால் வயது மகள் மகிழுக்கு ஒரு தொட்டில். நான் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரைக்கும் படித்தவள். மனு, பட்டா விண்ணப்பம், வருமானச் சான்று என்று ஓட்டிவிடலாம் என்றுதான் கடையைத் திறந்தேன். மழைக்கு வானத்தைப் பார்க்கிற இந்தச் சீமையில், பரணில் கதையும் கவிதையும் அடுக்கி வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் 'பிழையின்றி டைப் செய்து தரப்படும்' என்று ஒரு போர்டு. அந்தப் 'பிழையின்றி' என் வீட்டுக்காரர் சேர்த்தது. பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்டபோதும் அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

காப்பி ரைட்டு

முதலில் வந்தவர் பாலவனத்தத்துக்காரர், ரிட்டயர்டு கண்டக்டர். நூற்றுப் பத்துக் கவிதைகள். எல்லாம் டிக்கெட் கட்டுக்குப் பின்னால் எழுதி, அப்புறம் நோட்டில் ஏற்றியவை. "யம்மா, இதுக்கு காப்பி ரைட்டு பண்ணணும்" என்றார். ஜெராக்ஸ் கடையில் வந்து ஒருவர் அப்படிச் சொன்னால் நான் என்ன நினைப்பேன்? காப்பி எடுத்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் 'காப்பி ரைட்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் அடித்து, கடை சீலையும் குத்திக் கொடுத்தேன். அவரும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அப்போது கடையில் இருந்தவர் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் மேடம். பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க இருமினார். அப்புறம் எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்தே பாடம் நடந்தது. அச்சில் வராவிட்டாலும், எழுதின அன்றைக்கே எழுதினவருக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறதாம். டெல்லி ஆபீஸில் விண்ணப்பம் போட்டுப் பதிவு செய்வது நம் இஷ்டம். ஆனால் நாளைக்கு ஒருத்தர் 'என்னுது' என்று கிளம்பினால், காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும். விண்ணப்பம் போட்டபின் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று ஒரு மாசம் பார்ப்பார்களாம். நான் வெட்கத்தில் சட்டத்தைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். கண்டக்டர் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "முப்பது வருசமா நான் ரைட்டு சொல்லித்தான்மா பஸ்ஸே கெளம்புச்சு. டெல்லிக்காரன் சொல்றப்போ சொல்லட்டும், எம் புஸ்தகம் நீ சொன்ன ரைட்டுலயே கெளம்பிருச்சு."

ஏழு நோட்டு

நூர்ஜகான் அக்காவுக்குப் பந்தல்குடியில், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பெட்டிக்கடை. டீ, பிஸ்கட்டு, சோடா. வீட்டுக்காரர் குவைத்தில். டிரைவர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டே, பிள்ளைகள் பாதி எழுதிப்போட்ட நோட்டுகளின் மிச்சப் பக்கத்தில் ஒரு நாவலை எழுதி முடித்திருந்தார். ஏழு நோட்டு. பேர் 'லோடு இறங்காத லாரி'. முன்பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு, பின்பக்கம் நாவல்.

குவைத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர்தான் முதல் வாசகர். வெள்ளிக்கிழமை லீவில் அக்கா போனில் வாசிக்க வாசிக்கக் கேட்பாராம். அவர்தான் தெரிந்தவர் மூலமாக மதுரையில் ஒரு பதிப்பகத்தில் பேசியிருந்தார். அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள்: ஒரு வரிகூட வேறெங்கும் வந்திருக்கக் கூடாது. 'டைப் பண்ணி அனுப்புங்கள், பார்க்கிறோம்.' அக்கா ஏழு நோட்டையும் மேஜைமேல் வைத்தார். ரசீது எழுதப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "ரசீது எதுக்கு புள்ள? கொமரிப்பிள்ளையக் கொண்டாந்து ஒங்கிட்ட விட்டுட்டுப் போறேன், அம்புட்டுத்தான்."

படிக்காமல் அடிப்பது எப்படி

எல்லாரும் நூர்ஜகான் அக்கா இல்லையே. சினிமாவுக்குக் கதை எழுதின ஒரு தம்பி வந்தான். "அக்கா, டைப் அடிங்க, ஆனா படிக்கக் கூடாது" என்றான். சமையல் பண்ணு, மோந்து பார்க்காதே என்கிற மாதிரி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து மறைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு வரி மட்டும் காட்டினான். அதிலும் நம்பிக்கை வராமல், கதை எனக்குப் புரிந்துவிடக் கூடாதென்று பக்கங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் கொண்டுவந்திருந்தான். பக்க எண் போட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று அதையும் போடவில்லை.

நானும் கடமைக்குக் கண்ணை மட்டும் வைத்து, கருத்தை வைக்காமல், கலைத்தது கலைத்தபடியே அடித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தான். பழைய கையெழுத்துப் பிரதியை யாரும் எடுத்துவிடக் கூடாதென்று எரித்துவிட்டானாம். இப்போது ஹீரோ செத்தபின் காதுகுத்து வருகிறது. கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு என் காதோரம் குனிந்தான். "அக்கா, நீங்க படிச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். தயவுசெஞ்சு சொல்லுங்க, இடைவேளை எந்தப் பக்கம்?"

தனக்குத் தானே தபால்

நெசவுக்காரத் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கதை எழுதுவது சுத்தச் செந்தமிழ். கதையை உறையில் போட்டு ஒட்டி, தன் பேருக்குத் தானே ரிஜிஸ்தர் தபால் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தால் அதுவே பதிப்புரிமை என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை என்று மேடம் சொன்னதைச் சொன்னேன். கேட்கவில்லை. என்னிடமே கடைப் பேர் போட்ட உறை வாங்கி, விலாசத்தையும் அடிக்கச் சொல்லி ஒட்டி அனுப்பிவிட்டார்.

தபால் போன நேரம் மாமா தறிக்குப் பாவு நூல் வாங்கப் போயிருந்தார். அத்தைக்கு ரிஜிஸ்தர் தபால் என்றாலே கோர்ட்டு நோட்டீஸ்தான். 'வேண்டாம்' என்று திருப்பிவிட்டார். வாங்காத தபாலை அனுப்பினவருக்கே கொடுக்க வேண்டும் அல்லவா? அனுப்பினவர் விலாசமும் அதே வீடு. மறுபடி போனது. அத்தை மறுபடி 'வேண்டாம்'. இதற்கு முன்னால் இப்படி ஒன்றைப் பார்த்திராத தபால்காரர், உறையில் என் கடைப் பேர் இருப்பதைப் பார்த்து நேரே என்னிடம் வந்து நின்றார். "ஏம்மா, அனுப்புனவுகளும் வாங்கமாட்டேங்குறாக, வாங்குறவுகளும் வாங்கமாட்டேங்குறாக. ரெண்டு பேரும் ஒரே ஆளு. நான் இத எந்த ஊருலதாம்மா கொண்டுபோய்ப் போட?"

மலரில் வந்த வாசம்

இவர்களை எல்லாம் பார்த்து நான் சிரித்த சிரிப்புக்குச் சேர்த்து அழ வேண்டி வந்தது.

நூர்ஜகான் அக்காவின் நாவல் நூற்று நாற்பது பக்கத்துக்கு வந்து முடிந்தது. அக்கா மதுரைக்கு அனுப்பும் முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கப் பிரிண்டை வாங்கிப்போயிருந்தார். அந்தச் சமயத்தில், ஊரில் ஆண்டு மலர் போடுகிற ஒரு சார் என் கடைக்கு வந்தார். அவரை மலர் சார் என்றே சொல்லிவிடுகிறேன். மலர்ப் பக்கங்களைத் தானே திருத்திக்கொள்வதாகச் சொல்லி, நான் அக்காவின் நாவலை அடித்திருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். மகிழ் அழுதாள். நான் அவருக்குப் பென்டிரைவைச் செருகிக் கொடுத்துவிட்டு, பின்னால் போய்ப் பிள்ளைக்குச் சோறூட்டி, கழுவி, சட்டை மாற்றிவிட்டு வந்தேன். "ரொம்ப ஒத்தாசைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன ஒத்தாசை என்று அப்போது தெரியவில்லை.

ஒரு மாசம் கழித்து, அக்கா கடையில் டீ குடித்த டிரைவர் ஒருவர் அந்த மலரைப் புரட்டியபடி, "யக்கா, இதுல ஒரு கதை. அச்சு அசலா ஒங்க கடை மாதிரியே இருக்கு" என்றிருக்கிறார். நாவலின் ஒன்பதாம் அத்தியாயம். 'லாரி' என்று தலைப்பு. கதாநாயகி ரகுமத்து, ராஜாத்தி ஆகியிருந்தாள். எழுதியவர் பேர், மலர் சார். அக்கா மலரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. மதுரையிலிருந்து யாராவது இந்த மலரைப் பார்த்தால், திருடினவள் என்று தன்னைத்தான் சொல்லுவார்கள் என்றார். வெள்ளிக்கிழமை குவைத்துக்கு என்ன சொல்வது என்றார். அப்புறம் தொட்டிலில் கிடந்த மகிழைப் பார்த்துக்கொண்டே, எனக்கு இன்றைக்கும் தைக்கிற ஒன்றைச் சொன்னார். "கொமரிப்பிள்ளைய ஒங்கிட்ட விட்டுட்டுப் போறேன்னேன். நீ வாசக்கதவத் தெறந்துபோட்டுட்டியே செல்வி."

எந்த லாரி?

மேடம் மலர் சாரை மாடிக்குக் கூப்பிட்டார். அவர் வேட்டி மடிப்பு கலையாமல் வந்து உட்கார்ந்தார். அது பத்து வருசத்துக்கு முன்னாலேயே தான் எழுதின கதை என்றார். ஏதோ கூட்டத்தில் தான் சொல்ல அந்தம்மா கேட்டிருக்கலாம் என்றார். நான் கோப்பின் தேதியைப் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். "தேதியெல்லாம் மாத்திக்கிடலாம்மா" என்றார். ஏழு நோட்டைக் காட்டினோம். "மலரைப் பாத்து நோட்டுல எழுதுறதுக்கு எம்புட்டு நேரம்?" என்றார். மேடம் மட்டும் ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் மலர் என்று வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். "சார், இந்த வரிய வாசிங்க."

அவர் வாசித்தார். "ராஜாத்தி டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். பபபணண. அவன் கிளாசைக் கீழே வைத்தான்."

எனக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அறுபத்தொன்றாம் பக்கம். அன்றைக்கு மகிழை மடியில் வைத்துக்கொண்டு அடித்தேன். ரெண்டு கையாலும் கீபோர்டில் மேளம் கொட்டினாள். விழுந்ததையெல்லாம் அழித்தேன். இது ஒன்று தப்பிவிட்டது போலிருக்கிறது. கீழே கடைக்கு ஓடிப்போய் என் கோப்பைத் திறந்து பார்த்தேன், இருந்தது. நோட்டில் இல்லை, நோட்டில் எப்படி இருக்கும்? மலரிலிருந்து நோட்டுக்கு ஏறியிருந்தால் நோட்டிலும் இருந்திருக்க வேண்டும். அக்கா வாங்கிப்போன பிரிண்டிலும் இருந்திருக்கிறது. டீ ஆற்றுகிற நேரம் போக வாசித்ததில், அக்கா இன்னும் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கவில்லை. மலர் சார் படித்திருந்தால் அந்தச் சொல்லை எடுத்திருப்பார். படிக்காமலே கதையை எடுத்திருக்கிறார்.

"இது என்ன சார்?" என்று மேடம் கேட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அது... லாரி ஹாரன் சத்தம். ஒலிநயத்துக்காகப் போட்டது." அதுவரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த நூர்ஜகான் அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார். "இருவது வருசமா லாரி நிக்கிற எடத்துல கடை வச்சிருக்கேன் சார். எந்த லாரி 'ணண'ன்னு ஹாரன் அடிக்குது? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, கதைய நீங்களே வச்சுக்கங்க."

துண்டுச்சீட்டு

மலர் சார் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விற்காமல் கிடந்த மலர்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னார் மேடம். 'இக்கதை நூர்ஜகான் எழுதிய லோடு இறங்காத லாரி நாவலின் ஒரு பகுதி. அவர் அனுமதியின்றி வெளியானது' என்று துண்டுச்சீட்டு அடித்து, மலர் சார் பேருக்கு மேல் ஒட்டுவதாக ஏற்பாடு. அந்த ரெண்டு வரியை நான் பதினோரு தடவை சரிபார்த்தேன். அக்கா பசை தடவ, நான் ஒட்ட, மகிழ் ஒன்றைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொள்ள, ஒரு பகல் முழுக்க வேலை. விற்றுப்போனவற்றுக்காக, அடுத்த மலரில் முதல் பக்கத்திலேயே போடுவதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பதிவுக்கும் விண்ணப்பம் போட்டோம். எழுதியவர் பேர், நாவலின் பேர், வெளியானதா இல்லையா என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். கடையிலும் இப்போது நடைமுறை மாறியிருக்கிறது. வேறு யாரும் உட்காரும் கம்ப்யூட்டரில் கதை கிடையாது. என் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு உண்டு. அடித்து முடித்த அன்றைக்கே எழுதினவர் மெயிலுக்கு அனுப்பிவிடுகிறேன், தேதியோடு அவர் கையில் ஒன்று இருக்கட்டும் என்று. பக்க எண் போடாத பிரதி வாங்குவதில்லை. விண்ணப்பத்தில் 'ஆசிரியர்' கட்டம் வந்தபோது அக்கா மகிழின் கன்னத்தைக் கிள்ளினார். "ஏ புள்ள, ஓம் பேரையும் போடணுமாக்கும்? ஒரு வார்த்தைக்குப் பங்கு கேட்டு கேசு போட்டுறாத."

மதுரையிலிருந்து போன்

இதற்கென்று மேடம் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் மலர் சார் எழுதிக் கொடுத்ததையும் நகல் எடுத்து, கதை திருடுபோய்த் திரும்பினதை ஒளிக்காமல் எழுதி, நாவலோடு மதுரைக்கு அனுப்பினோம். அனுப்பும் முன் அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தேன். அக்கா விடவில்லை. காப்பாற்றிக் கொடுத்ததை வெட்டக் கூடாதாம், இருந்துவிட்டுப் போகட்டுமாம்.

ஆட்சேபத்துக்கான ஒரு மாசம் யாரும் ஒன்றும் சொல்லாமல் கழிந்தது. போன வாரம் அக்கா என் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பதிப்பகத்திலிருந்து ஒரு அம்மா. நாவல் பிடித்திருக்கிறதாம். புத்தகமாகப் போடுகிறார்களாம். அக்கா என் கையை நசுக்கின நசுக்கில் ரெண்டு நாளைக்கு எனக்கு ஷிப்ட் கீ அமுக்க வரவில்லை. அந்த அம்மா, சின்னச் சின்னச் சந்தேகங்கள் இருப்பதாகவும், மற்றதை எல்லாம் எழுதி அனுப்புவதாகவும், ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுவிடுவதாகவும் சொன்னார். "அறுபத்தொண்ணாம் பக்கத்துல ஒரு வட்டாரச் சொல் வருதுங்களே, அதுக்கு மட்டும் ஒரு அடிக்குறிப்பு எழுதிக் குடுத்துருங்க."

ஆகமொத்தம், கதை எழுதினவருடையது, பதிவு டெல்லியினுடையது, பிழை எங்கள் வீட்டுப் பிள்ளையினுடையது என்று ஆனபின், என் வீட்டுக்காரர் அவ்வளவு ஆசையாகச் சேர்த்த அந்தப் 'பிழையின்றி'யின் மேல் மட்டும் நானே பிரஷ் எடுத்துப் பெயிண்ட் அடித்துவிட்டேன்.